கோத்த சர்க்கரை, ஒட்டிய சர்க்கரை

சென்ற ஆண்டு கார்த்திகையில் நாங்கள் மூவர், பழைய சிற்றிதழ்களின் ஒரு சேகரிப்பைப் பார்ப்பதற்காகப் பூதப்பாண்டிக்கு அருகே உள்ள ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தோம். சேகரித்து வைத்திருந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவரை நாங்கள் அண்ணாச்சி என்றே அழைப்பது வழக்கம். இதழ்களைச் சணல் கயிற்றால் ஆண்டுவாரியாகக் கட்டிப் பரணில் அடுக்கியிருந்தார். ஒரு கட்டை இறக்கி அவர் முன் வைத்தோம். முடிச்சின் மேல் விரலை வைத்தார், இழுத்தார், அவிழவில்லை. இரண்டு கைகளின் விரல் கணுக்களும் வீங்கி, நடுவிரல் சற்றே ஒருபுறம் சாய்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தோம். "நீங்களே அவிழுங்க மக்கா" என்று சொல்லிவிட்டுத் திண்ணைத் தூணில் சாய்ந்துகொண்டார்.

முடக்குவாதம். நான்கு ஆண்டுகளுக்கு முன் இரத்தப் பரிசோதனையில் உறுதியாகி, வாரம் ஒருமுறை உட்கொள்ளும் மாத்திரையும் தொடங்கி, நன்றாகவே இருந்தவர். இப்போது ஏன் இப்படி என்று கேட்டோம். "மாத்திரைய விட்டு ஆறு மாசம் ஆச்சு. வாதத்துக்கு இனிப்புதான் காரணம்னு சொன்னாவ. சீனியத் தொடுயதே இல்ல. இப்பம் கருப்பட்டிக் காப்பிதான். பனையில இருந்து வாறதுல்லா, அது ஒண்ணும் செய்யாது" என்றார். சொன்னது யார் என்று நாங்கள் கேட்கவில்லை. ஒருவர் அல்லர், ஊரே சொல்லியிருக்கும். கைபேசிகளில் உலவும் காணொளிகள் சொல்லியிருக்கும். மயினி நான்கு தம்ளர்களில் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தார். அண்ணாச்சி தம்ளரைத் தம் உள்ளங்கைகள் இரண்டுக்கும் நடுவே அணைத்துத் தூக்கிக் குடித்தார்.

திரும்பும் வழியில் எங்களுக்குள் வாக்குவாதம் மூண்டது. சர்க்கரைக்கும் மூட்டு வீக்கத்துக்கும் தொடர்பே இல்லை என்றார் ஒருவர். தொடர்பு உண்டு, அதை மறுப்பது அறிவியலுக்குப் பொருந்தாது என்றார் மற்றவர். பேசப் பேச, இருவர் சொல்வதும் உண்மை என்று தெரிந்தது. எந்தச் சர்க்கரை, எந்த மூட்டு நோய் என்று கேளாமல் பேசியதுதான் பிழை. அந்தப் பிழையின் விலையை அண்ணாச்சி தம் விரல்களால் கட்டிக்கொண்டிருக்கிறார். ஆகவே இதை எழுதலாம் என்று முடிவு செய்தோம். நாங்கள் மருத்துவர்கள் அல்லோம். சொற்களோடு புழங்குகிறவர்கள். இந்த விஷயத்தில் நோயில் பாதி சொல்லில் இருக்கிறது என்பது எங்கள் கட்சி.

நாஞ்சில் நாட்டின் சமையலறையில் இனிப்புக்கு ஒரே பெயர் இல்லை. வெள்ளையாக, மணல்போல் இருப்பது சீனி. கரும்பிலிருந்து காய்ச்சி உருட்டியது சர்க்கரை. பனையின் அக்கானியிலிருந்து வருவது கருப்பட்டி. சென்னைக்காரர்களுக்கோ சீனிதான் சர்க்கரை. இவ்வூர்ப் பெண்மணி ஒருவர் சென்னையில் மளிகைக் கடைக்குப் போய்ச் சர்க்கரை கேட்டு வெள்ளைச் சீனியோடு வீடு திரும்பிய கதைகள் நமக்குப் பழக்கமானவை. கிழங்குக்குக்கூட மரச்சீனி என்று பெயர் வைத்த ஊர் இது. நாவில் இத்தனை நுணுக்கம் காட்டிய நாம், உடலுக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் 'சுகர்' என்ற ஒற்றைச் சொல்லில் போட்டு மூடிவிட்டோம். இரத்தத்தில் ஓடுவதும் சுகர், நோயும் சுகர், மாத்திரையும் சுகர் மாத்திரை.

மூட்டின் பக்கமும் இதே கதைதான். தேய்ந்த முழங்கால், வீங்கிய விரல், நள்ளிரவில் திடீரென்று தீயாய் எரியும் கால் பெருவிரல், தூக்க முடியாத தோள், 2006இல் தென்தமிழகத்தையும் கேரளத்தையும் படுக்கையில் தள்ளிய சிக்குன்குனியாவின் மிச்சம், எல்லாமே 'வாதம்'. சித்த மருத்துவம்தான் இப்படி ஒரே மூட்டையாகக் கட்டச் சொன்னது என்று நினைப்பவர்கள் உண்டு. அது அநியாயம். யூகி முனிவர் பெயரால் வழங்கும் நூல் வாதத்தை 80 வகையாகப் பிரிக்கிறது. அந்தப் பிரிவினைகள் இன்றைய நோய் வகைகளோடு பொருந்துமா என்பது வேறு கேள்வி. பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே இருந்தது. மரபின் பெயரைச் சொல்லி இன்று ஒரே சூரணத்தை எல்லா மூட்டுக்கும் விற்பவர்களிடம் அது இல்லை.

இனி, விஷயத்துக்கு வருவோம். உடலில் புரதத்தோடு சர்க்கரை சேர்வது இரண்டு விதமாக நடக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான இயல்புடையவை.

முதலாவது, உடலே திட்டமிட்டுச் செய்வது. செல்லுக்குள் புரதம் உருவாகும்போதே, குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட வரிசையில், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நொதிகளைக் கொண்டு சர்க்கரை மூலக்கூறுகளைக் கோத்து மாட்டுகிறது. தோவாளையில் பூக்கட்டுகிறவர்களின் விரலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரளிப்பூவை மடித்து மாணிக்கமாலை கட்டும்போது எந்தப் பூவுக்குப் பின் எந்தப் பூ என்பதில் தவறு நேர்ந்தால் மாலையின் வடிவமே போய்விடும். நம் இரத்தத்தில் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்பான் என்ற புரதம் ஓடுகிறது. கவட்டை வடிவம் கொண்டது. அதன் காம்புப் பகுதியில், 297ஆம் இடத்தில், இருபுறமும் ஒவ்வொரு சர்க்கரைச் சரம் தொங்குகிறது. ஒவ்வொரு சரமும் இரண்டு கிளைகளாகப் பிரியும். கிளைகளின் முனைக்கு அருகே கேலக்டோஸ் என்ற சர்க்கரை; சிலவற்றில் அதற்கும் மேலே சியாலிக் அமிலம். எண்ணிப் பார்த்தால் மொத்தம் பத்துப் பன்னிரண்டு மணிகள்தாம். புரதத்தின் எடையில் இவற்றின் பங்கு மிகச் சொற்பம். ஆனால் அந்த எதிர்ப்பான் நெருப்பை மூட்டுமா, தணிக்குமா என்பதில் இந்த மணிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

1985இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஆய்வாளர்களும் டோக்கியோவைச் சேர்ந்தவர்களும் இணைந்து 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முடக்குவாத நோயாளிகளின் எதிர்ப்பான்களில் அந்தக் கேலக்டோஸ் மணி இல்லாத சரங்கள் இயல்பைவிட மிகுதியாக இருக்கின்றன என்பது அதன் கண்டுபிடிப்பு. அதன் முதல் ஆசிரியர் ராஜ் பரேக். அந்த ஒரு கட்டுரையிலிருந்து ஒரு துறையே கிளைத்தது. மணி உதிர்ந்த சரம் நோயின் விளைவா, காரணமா என்று நெடுநாள் விவாதம் நடந்தது. நோய் வெளிப்படும் முன்பே சரத்தில் மாற்றம் தொடங்கிவிடுகிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. 2006இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ரவெட்ச் குழுவினர், சியாலிக் அமிலம் ஏறிய எதிர்ப்பான் அழற்சியைத் தணிக்கும் தன்மை பெறுகிறது என்று எலிகளில் நிறுவினார்கள். ஒரே புரதம், முனையில் ஒரு மணி கூடினால் தண்ணீர், குறைந்தால் எண்ணெய்.

மறு ஆண்டு, 2007இல், சுவீடனிலிருந்து வந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பெயரைப் படித்தபோது எங்களுக்கு ஒரு சிறு மகிழ்ச்சி: குட்டி செல்வ நந்தகுமார். தொண்டை அழற்சியை உண்டாக்கும் ஒரு பாக்டீரியா தன்னைக் காத்துக்கொள்ள, நம் எதிர்ப்பானின் சர்க்கரைச் சரத்தை வெட்டிவிடும் நொதி ஒன்றை வைத்திருக்கிறது. திருடன் கையிலிருந்த கத்தரியை வாங்கி நாம் பயன்படுத்துவதுபோல, அந்த நொதியால் எதிர்ப்பான்களின் சரத்தை அறுத்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். மூட்டுக் குருத்தெலும்பைக் குறிவைக்கும் எதிர்ப்பான்கள் அவை. சரம் இருந்தபோது எலியின் பாதத்தை வீங்கவைத்தவை, சரம் அறுந்தபின் அந்த வல்லமையை இழந்தன. புரதத்தின் மேல் கோத்த சில சர்க்கரை மூலக்கூறுகள் மூட்டு வீக்கத்தை எவ்வளவு ஆள்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நாங்கள் படித்ததில்லை.

கருவுற்ற பெண்களின் கதை இதில் தனி. முடக்குவாதம் உள்ள பெண்களில் பலருக்குக் கர்ப்ப காலத்தில் வலி தானாகக் குறைந்து, பிரசவத்துக்குப் பின் மறுபடி பிடித்துக்கொள்ளும். அமெரிக்க மருத்துவர் ஃபிலிப் ஹென்ச் 1930களில் இதைக் கூர்ந்து கவனித்தார். உடலே ஏதோ ஒரு மருந்தைச் சுரக்கிறது என்று ஊகித்துத் தேடியதில்தான் கார்ட்டிசோன் கிடைத்தது. 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் ஹென்ச் அறியாத இன்னொன்று உண்டு. கர்ப்ப காலத்தில் எதிர்ப்பான்களின் சரங்களில் கேலக்டோஸ் ஏறுகிறது. பிரசவத்துக்குப் பின் இறங்குகிறது. வலியின் ஏற்ற இறக்கமும் சரத்தின் ஏற்ற இறக்கமும் பெரும்பாலும் ஒரே தாளத்தில் போகின்றன.

இந்த இடத்தில் அண்ணாச்சி கேட்கக்கூடிய கேள்வியை நாமே கேட்டுக்கொள்ளலாம். கேலக்டோஸ் குறைவதுதான் கோளாறு என்றால், சர்க்கரையை விட்டது தவறா? கூடுதலாகத் தின்றிருக்க வேண்டுமா? இரண்டும் இல்லை. கேலக்டோஸை உடல் தன்னிடமுள்ள குளுக்கோஸிலிருந்தே செய்துகொள்கிறது. அதை மாட்டும் நொதி எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி. வயது, ஹார்மோன்கள், அழற்சிச் செய்திகள் ஆகியவையே அதை ஆள்கின்றன. பூக்கட்டுகிறவர் மாலையில் ஒரு பூவை விட்டுவிட்டால், சந்தைக்குப் பூ வரவில்லை என்று பொருளல்ல. காப்பியில் சீனி போட்டோமா, கருப்பட்டி போட்டோமா என்ற செய்தி அந்தப் பட்டறைவரை போவதே இல்லை.

வீங்கிய மூட்டுக்குள் மட்டும் வேறொரு சர்க்கரைக் கூத்து நடக்கிறது. அழற்சி கண்ட மூட்டின் சவ்வுச் செல்கள் குளுக்கோஸை வெறிகொண்டு விழுங்குகின்றன. அரைகுறையாக எரித்து லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளுகின்றன. புற்றுச் செல்களில் வார்பர்க் நூறாண்டுக்கு முன்பே கண்ட அதே ஊதாரித்தனம். வீங்கிய மூட்டிலிருந்து ஊசியால் எடுத்த நீரில் குளுக்கோஸ் குறைந்தும் லாக்டிக் அமிலம் கூடியும் இருப்பது மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்தது. அப்படியானால் சீனியை நிறுத்தி மூட்டைப் பட்டினி போடலாமே? முடியாது. நாம் உண்ணாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸைச் செய்து இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். மூட்டு பட்டினியாகும் முன் மூளை பட்டினியாகும். அந்த வெறியை உள்ளிருந்தே அடக்கும் மருந்துகளுக்கான தேடல் நடந்துகொண்டிருக்கிறது. காப்பித் தம்ளரில் அது நடக்காது. நேர்மைக்காக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்கச் செவிலியர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்த ஆய்வொன்று, அன்றாடம் இனிப்புக் குளிர்பானம் குடித்த பெண்களிடம் ஒருவகை முடக்குவாதம் சற்று அதிகம் என்று 2014இல் கூறியது. அது தொடர்பு, காரணம் என்று நிறுவப்படவில்லை. குளிர்பானத்தை விட்டவருக்கு நோய் தீர்ந்தது என்றும் அந்த ஆய்வு சொல்லவில்லை.

இப்போது இரண்டாவது விதம். இதில் திட்டம் இல்லை, நொதி இல்லை, வரிசை இல்லை. இரத்தத்தில் மிகுந்து கிடக்கும் குளுக்கோஸ், எதிர்ப்பட்ட புரதத்தின்மேல் தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. அக்கானி காய்ச்சும் விளைக்குப் போனவர்கள் இதன் பெரிய உருவத்தை நேரில் பார்த்திருக்கிறார்கள். கலயத்தில் தெளிந்த நீராக இறங்கும் அக்கானி, அடுப்பில் கொதிக்கக் கொதிக்கப் பொன்னிறமாகி, தவிட்டு நிறமாகி, கடைசியில் கருப்பட்டியின் கருமையை அடைகிறது. அந்த நிறத்திலும் மணத்திலும் பெரும்பங்கு, சர்க்கரையும் புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் சூட்டில் ஒன்றோடொன்று பிணைவதால் வருவது. 1912இல் இதை விவரித்த பிரெஞ்சுக்காரர் லூயி கமீய் மெய்யார். அடுப்பில் ஒரு காலைப்பொழுதில் நடப்பது, நம் உடற்சூட்டில் ஆண்டுக்கணக்கில் மெல்ல நடக்கிறது. இரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அதற்குள் அதன் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியது என்று அளப்பதுதான் 'மூன்று மாதச் சர்க்கரை' என்று நாம் சொல்லும் பரிசோதனை.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. இன்றும் பல ஆய்வகச் சீட்டுகளில் அதன் பெயரைக் 'கிளைகோசிலேட்டட் ஹீமோகுளோபின்' என்று அச்சிடுகிறார்கள். அது கோத்த சர்க்கரைக்கான சொல். ஒட்டிய சர்க்கரைக்குச் சரியான சொல் 'கிளைகேட்டட்'. ஆங்கிலத்திலேயே பழைய தவறு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தமிழில் இரண்டுக்கும் 'சர்க்கரையேற்றம்' என்றே எழுதும் கட்டுரைகளைக் கண்டிருக்கிறோம். ஏற்றியதா, ஏறியதா என்பதல்லவா கேள்வி? கோத்தல், ஒட்டல் என்ற இரண்டு எளிய வினைச்சொற்கள் நம்மிடம் இருக்கும்போது புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

ஒட்டும் சர்க்கரையால் மூட்டுக்கு வரும் கேட்டைப் புரிந்துகொள்ளக் கொலாஜன் என்ற புரதத்தை அறிய வேண்டும். தோல், தசைநாண், குருத்தெலும்பு எல்லாவற்றையும் கட்டி நிறுத்தும் கயிறு அது. கயிறு என்பது உவமை அல்ல, உண்மை வடிவமே அது. மூன்று புரிகள் முறுக்கிய அந்த அமைப்பை 1954-55இல் முன்வைத்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன், உடனிருந்தவர் கோபிநாத் கர்த்தா. உலகின் பெரிய ஆய்வகங்கள் திணறிக்கொண்டிருந்த புதிரைக் கிண்டியிலிருந்து அவிழ்த்தார்கள். நம் பாடநூல்கள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்க வேண்டிய செய்தி.

அந்தக் கயிறு எளிதில் புதுப்பிக்கப்படுவதில்லை. 2000ஆம் ஆண்டில் டச்சு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்: தோலின் கொலாஜனில் பாதி மாறுவதற்கு 15 ஆண்டுகள், மூட்டுக் குருத்தெலும்பின் கொலாஜனில் பாதி மாறுவதற்கு 117 ஆண்டுகள். அதாவது, இளமையில் நமக்கு வாய்த்த குருத்தெலும்புக் கயிறுதான் சுடுகாடுவரை. அதன்மேல் ஒட்டும் சர்க்கரை கழுவப்படாமல் சேர்ந்துகொண்டே போகிறது. புரிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளாக இறுகுகிறது. குழந்தையின் குருத்தெலும்பு நீலம் பாய்ந்த வெண்மை. முதியவருடையது மஞ்சள், பழுப்பு. கருப்பட்டியின் நிறம் ஏறும் அதே வேதியியல். இறுகிய கயிறு வளையாது, ஒடியும். தேய்மான மூட்டு நோய்க்கு முதுமை இவ்வளவு வசதியான நிலமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இந்த ஒட்டல் விரைந்து நடக்கிறது. தூக்க முடியாமல் இறுகும் தோள், மடக்கினால் நிமிராமல் சிக்கிக்கொள்ளும் விரல், தடித்து விறைத்த உள்ளங்கை ஆகியவை நீரிழிவுக்காரர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது இதனால்தான் என்று கருதுகிறார்கள்.

ஆகவே, 'சர்க்கரை மூட்டைக் கெடுக்கும்' என்ற வாக்கியம் நீரிழிவுக்காரரின் தோளுக்கும் கைக்கும் பொருந்தும். அண்ணாச்சியின் விரலுக்குப் பொருந்தாது. இன்னொரு மூட்டு நோய்க்கும் அது நன்றாகப் பொருந்தும்: யூரிக் அமிலம் படிகமாகிப் பெருவிரலில் குத்தும் நோய். சீனியில் பாதி ஃபிரக்டோஸ். கல்லீரல் அதைக் கையாளும் அவசரத்தில் யூரிக் அமிலம் பெருகுகிறது. இனிப்புக் குளிர்பானம் மிகுதியாகக் குடித்த ஆண்களிடம் இந்நோய் கூடுதல் என்று 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. கருப்பட்டியின் பெரும்பகுதியும் சுக்ரோஸ்தான். அதிலும் பாதி ஃபிரக்டோஸ்தான்.

கருப்பட்டியைப் பற்றி இப்படி எழுதுவது எங்களுக்கு உவப்பான காரியமல்ல. கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பனையேறிகளின் உழைப்பை ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964இல் தமிழுக்குத் தந்தது. அதைப் படித்தவர்கள் கருப்பட்டியை வெறும் இனிப்பாகப் பார்க்க மாட்டார்கள். பனையேற ஆளில்லாமல் போய்க்கொண்டிருக்கும் காலத்தில், கருப்பட்டி வாங்குவது ஒரு நல்ல செயல் என்றே நினைக்கிறோம். சுவைக்காக வாங்குங்கள், மணத்துக்காக வாங்குங்கள், ஏறி இறக்குகிறவரின் கூலிக்காக வாங்குங்கள். அதில் சிறிது தாதுப்புகள் உண்டு என்பதும் மெய். மருந்து என்று சொல்லி விற்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பனையின் மேல் நமக்கிருக்கும் அன்பை இரத்தம் அறியாது. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் அப்படித்தான். மாவுச்சத்து முழுவதும் வயிற்றில் குளுக்கோஸாகத்தான் போகும். நாட்டளவில் பெரியவர்களில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு கணக்கிட்டது, தமிழ்நாட்டில் 14.4, கேரளத்தில் 25.5. 1956இல் தமிழகத்தோடு இணைந்தும் சாப்பாட்டில் பாதி மலையாளமாகவே இருந்துவிட்ட நம் மாவட்டம் எந்தக் கணக்கில் சேரும் என்பதை வாசகரின் ஊகத்துக்கு விடுகிறோம்.

அண்ணாச்சி கைவிட்ட மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. வாரத்துக்கு ஒன்று தின்னும் மாத்திரை எப்படி வேலை செய்யும் என்று ஏளனமாகக் கேட்டார். அதன் பெயர் மெத்தோட்ரெக்சேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1920களில் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் லெடர்லி ஆய்வகத்தில் உருவான மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரத்தப் புற்றுக்காகப் பிறந்தது. மிகச் சிறிய அளவில், வாரம் ஒருமுறை மட்டும் கொடுத்தால் முடக்குவாதத்தை அடக்குகிறது என்று பின்னர் கண்டுகொண்டார்கள். வாரம் ஒருமுறை என்பதில்தான் அதன் பாதுகாப்பே இருக்கிறது. நாள்தோறும் தின்றால் உயிருக்கே ஆபத்து. மருத்துவரின் கண்காணிப்பும் அவ்வப்போது இரத்தப் பரிசோதனையும் அதற்கு வேண்டும். முடக்குவாதத்தில் எலும்பு அரிப்பு தொடங்கிவிட்டால் சாய்ந்த விரல் மருந்தால் நிமிராது. ஆகவே ஆறு மாதம் என்பது சிறிய காலம் அல்ல. மாத்திரைக்குப் பதிலாகப் பெயரில்லாத பொடிகளை வாங்கித் தின்பவர்களும் உண்டு. மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது என்று பொடியைப் புகழ்வார்கள். மூன்று நாளில் அப்படிப் பறக்கவைப்பது பெரும்பாலும் அதில் ஒளித்துக் கலந்திருக்கும் ஸ்டீராய்டு. ஹென்ச்சுக்கு நோபல் வாங்கித் தந்த அதே வகை மருந்து. அளவும் காலமும் தெரியாமல் தின்றால் முகம் உப்பும், எலும்பு மெலியும், இரத்தச் சர்க்கரை ஏறும். இனிப்பு ஆகாது என்று சீனியை விலக்கியவர், பொடியின் வழியாகச் சர்க்கரையை வரவழைத்துக்கொள்கிறார்.

மறு மாதம் நாங்கள் மீண்டும் அந்த வீட்டுக்குப் போனோம், இதழ்களைத் திருப்பிக் கொடுக்க. மேலே எழுதியவற்றையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் சொன்னோம். அண்ணாச்சி தமிழாசிரியர் ஆனபடியால் கோத்தலையும் ஒட்டலையும் உடனே பிடித்துக்கொண்டார். "அப்பம் நான் விட்டது வேண்டாத்த இனிப்பையா, வேண்டிய மாத்திரையையா?" என்று கேட்டுச் சிரித்தார். பழைய மருத்துவரிடமே போவதாகச் சொன்னார், போகவும் செய்தார்.

விடைபெறும்போது மயினி வாசலுக்கு வந்து கைகூப்பினார். இரண்டு கைகளும் சேர்ந்தன. ஆனால் உள்ளங்கைகளும் விரல்களும் ஒன்றையொன்று தொடவில்லை. விரல் நுனிகள் மட்டும் தொட்டு, நடுவே வெளிச்சம் தெரிந்தது. நீரிழிவால் இறுகிய கைக்கு இது ஓர் அடையாளம். மருத்துவ நூல்கள் கைகூப்பும் இந்தச் செய்கையின் பெயராலேயே அதைக் குறிப்பிடுகின்றன. மயினிக்குப் பத்தாண்டுகளாகச் சுகர் உண்டு. கை விறைப்பைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. இட்டிலி மாவு ஆட்டிய கை, வயதானால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார். அந்த வீட்டில் ஆறு மாதமாகச் சீனி வாங்கவில்லை. அண்ணாச்சியோடு சேர்ந்து அவரும் நாளுக்கு மூன்று வேளை கருப்பட்டிக் காப்பி குடித்துவந்தார், அது ஒன்றும் செய்யாது என்று நம்பி.

அடுத்த வாரம் நாகர்கோவிலில் பரிசோதித்தபோது மூன்று மாதச் சர்க்கரை 9.8 என்று வந்தது. இயல்பில் 5.7க்குக் கீழே இருக்க வேண்டும். சீட்டை அண்ணாச்சி கைபேசியில் படமெடுத்து அனுப்பியிருந்தார். அதில் பரிசோதனையின் பெயர் 'கிளைகோசிலேட்டட்' என்றே இருந்தது. கீழே தம் சாய்ந்த எழுத்தில், 'ஒட்டியது என்று திருத்திப் படிக்கவும்' என எழுதியிருந்தார்.